எந்த வெளிநாட்டைச் சொல்கிறோம்?

மாமாவின் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த மறுவாரம் லண்டனிலிருந்து மச்சான் தொலைபேசியில் பேசினான். “அப்பா இஞ்ச இருந்திருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பார் மச்சான். அவர்ர பேரில ஒரு டயாலிசிஸ் மெஷின் வாங்கிக் குடுப்பம். நீ ஆஸ்பத்திரியில கதைச்சுப் பாரு” என்றான். தகப்பனை இழந்த மகனின் பேச்சு அது. அந்த நேரத்தில் அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, கதைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஆனால் வெளிநாட்டில் இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்பதும், ஆகவே நம்மிடம் இல்லாதது இயந்திரம்தான் என்பதும் அன்றிலிருந்து என் மனதை அரித்துக்கொண்டே இருக்கின்றன. முதலாவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இரண்டாவதை, மாமாவின் கட்டிலருகே மணிக்கணக்காக இருந்தவன் என்ற வகையில் என்னால் ஏற்க முடியவில்லை.

மச்சான் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவனுடைய மாமனாரும் லண்டனில் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்பவர், அதாவது சிறுநீரகம் செய்ய முடியாமல் போன வேலையை, இரத்தத்திலிருந்து கழிவையும் மேலதிக நீரையும் எடுப்பதை, இயந்திரத்தைக் கொண்டு செய்பவர். மாமாவைவிட வயதில் மூத்தவர், மாமாவைப் போலவே சீனி வருத்தத்தால் சிறுநீரகம் போனவர், மாமாவுக்கு வெகு முன்னரே தொடங்கியவர். இன்றும் கோயிலுக்கும் கடைக்கும் தானே போய் வருகிறார். சம்பந்திகள் இருவரும் வாட்ஸ்அப்பில் தங்கள் வருத்தத்தைப் பற்றியே கதைப்பார்கள். ஒருமுறை அவர் தன் கட்டிலருகில் இருந்த இயந்திரத்தைப் படம் பிடித்து அனுப்பினார். ஜேர்மன் நாட்டு பிரெசீனியஸ் இயந்திரம். மாமாவுக்குப் பூட்டப்படுவதும் அதே கம்பனியின் இயந்திரம்தான். “இது நம்மட மெஷின்தானே!” என்று மாமா அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்தார். எனக்கு அப்போதே ஒரு கேள்வி எழுந்தது. இயந்திரம் ஒன்றாக இருக்கையில் இரண்டு உடம்புகளும் எதனால் இப்படி வேறு வேறு திசையில் போகின்றன?

யப்பானும் அமெரிக்காவும்

வெளிநாடு என்று நாம் பொத்தாம் பொதுவாகச் சொன்னாலும் டயாலிசிஸைப் பொறுத்தவரை வெளிநாடுகள் எல்லாம் ஒன்றல்ல. 1989 இல் டல்லாஸ் நகரில் கூடிய சிறுநீரக வைத்தியர்கள் நாட்டுக்கு நாடு நோயாளர்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, அமெரிக்க நோயாளர்கள் ஐரோப்பியரையும் யப்பானியரையும் விட விரைவாக இறப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதற்காக 1996 இல் டொப்ஸ் என்ற பெரிய ஆய்வு அமெரிக்காவில் தொடங்கி, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, ஸ்பெயின், யப்பான் ஆகிய நாடுகளுக்கும் விரிந்தது. 2003 இல் அதிலிருந்து வெளிவந்த கணக்கின்படி, டயாலிசிஸ் செய்வோரில் ஒரு வருடத்துக்குள் இறப்போர் யப்பானில் 6.6 வீதம், ஐரோப்பிய நாடுகளில் 15.6 வீதம், அமெரிக்காவில் 21.7 வீதம். உலகிலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவிடும் நாட்டில், 1973 முதல் அநேகமாக எல்லாச் சிறுநீரக நோயாளருக்கும் அரசே டயாலிசிஸ் செலவை ஏற்றுக்கொண்ட நாட்டில், இறப்பு வீதம் யப்பானைவிட மூன்று மடங்கு. வயது, நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பின்பும் இடைவெளி முற்றாக மூடவில்லை.

இந்த எண்களைப் படித்தபோது நான் முதலில் தேடியது, யப்பானியரிடம் ஏதாவது புதிய இயந்திரம் இருந்ததா என்பதைத்தான். அங்கே கண்டது வேறு. டொப்ஸின் முதற்கட்டத்தில் ஒரு தடவை டயாலிசிஸ் சராசரியாக யப்பானில் 244 நிமிடம், ஐரோப்பாவில் 232 நிமிடம், அமெரிக்காவில் 211 நிமிடம் நடந்தது. அரை மணித்தியாலம் கூடுதலாகச் செய்தவர்களிடையே இறப்பு அபாயம் 7 வீதம் குறைந்திருந்தது. உடம்பின் நிறையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 10 மில்லிலீற்றருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே அது 9 வீதம் கூடியிருந்தது. பிரான்சில் லியோன் நகரை அடுத்த தஸான் என்ற இடத்தில் டொக்டர் ஷராவும் அவருடைய சகாக்களும் தங்கள் நோயாளர்களுக்கு வாரத்தில் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் எட்டு மணித்தியாலம் என்று மிக ஆறுதலாகச் செய்தார்கள். 1992 இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் ஐந்து வருடங்களின் பின் 87 வீதமானோரும் பத்து வருடங்களின் பின் 75 வீதமானோரும் உயிரோடு இருந்தனர். பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் குளிசையே தேவைப்படவில்லை. அந்தக் காலத்து இயந்திரங்கள் நம்முடைய வைத்தியசாலைகளில் இன்று இருப்பவற்றைவிடப் பழையவை.

நேரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. இவை கூர்ந்து கவனித்துச் சேர்த்த கணக்குகள், பரிசோதனைகள் அல்ல. நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதற்காகவே அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஒரு பெரிய பரிசோதனை, இரு பிரிவினருக்கும் இடையில் போதிய நேர வித்தியாசத்தை உண்டாக்க முடியாமல் இடையில் நிறுத்தப்பட்டு, 2019 இல் விடை இல்லாமலேயே வெளிவந்தது. யப்பானில் இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெற்று மாற்றுவது மிகக் குறைவு என்பதால், வேறு நாட்டில் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்ந்திருக்கக்கூடிய திடகாத்திரமானவர்களும் டயாலிசிஸிலேயே நின்று அந்த நாட்டின் கணக்கை உயர்த்துகிறார்கள். யப்பானியருக்குப் பொதுவாகவே மாரடைப்புக் குறைவு. இவையெல்லாம் உண்மை. இருந்தாலும் நீரை மெதுவாக எடுப்பது உடம்புக்கு நல்லது என்பதற்கு எனக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்படவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை

மாமாவின் ஊர் இலங்கையின் மட்டக்களப்பில் மண்டூர்ப் பக்கம், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை. வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமாக இருக்கும் எழுவான்கரையில் உள்ள அரச வைத்தியசாலை ஒன்றில் அவருக்குத் திங்களும் வியாழனும் என்று வாரத்தில் இரண்டு நாள் குறித்திருந்தார்கள். அதாவது வியாழன் பின்னேரம் ஊசியைக் கழற்றினால் மறுபடி பூட்டுவது திங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவர் குடித்த தண்ணீரும் சாப்பிட்ட சோறும் கறியும் உடம்பிலேயே தங்கும். தொடங்கிய காலத்தில் அவருக்கு ஓரளவு சிறுநீர் போய்க்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வாரத்தில் இரண்டு தடவை போதும் என்று வைத்தியர்கள் கருதுவதில் நியாயம் உண்டு. பிறகு சிறுநீர் அறவே நின்றுவிட்டது. வாரத்துக்கு இரண்டு என்ற எண் மட்டும் மாறவில்லை.

நான் சொல்ல வரும் நாள் மண்டூர்க் கந்தன் திருவிழாக் காலத்தில் வந்த ஒரு திங்கட்கிழமை. ஆவணி வெயில் கொளுத்தியது. வீடு நிறைய விருந்தாளிகள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, எருமைத் தயிர் கூடாது, கீரையை அவித்து நீரை ஊற்றிவிட வேண்டும் என்று மாமி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தித்தான் வைத்திருந்தார். ஆனால் தாகத்தைக் கட்டுப்படுத்த யாரால் முடியும்? தராசில் ஏறி நின்றபோது 59 கிலோ காட்டியது. மேலதிக நீர் எல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய நிறை, அவர்கள் ட்ரை வெயிட் என்று சொல்வது, மாமாவுக்கு 55. நான்கு லீற்றர் எடுக்க வேண்டும், நேரம் நான்கு மணித்தியாலம். மணிக்கு ஒரு லீற்றர் என்றால் ஒரு கிலோவுக்குப் 18 மில்லிலீற்றர், டொப்ஸ் ஆய்வு சொல்லும் எல்லையைவிட அநேகமாக இரண்டு மடங்கு. தாதி அதைப் பார்த்ததும் “ஐயா, இண்டைக்கு முழுக்க எடுக்க ஏலாது, மூண்டரை லீற்றருக்குப் பார்ப்பம்” என்றார்.

முதல் இரண்டு மணித்தியாலம் மாமா திருவிழாக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மணித்தியாலத்தில் பேச்சு நின்றது. இடது கெண்டைக்கால் இறுகிக் கல்லாகிவிட்டது, கால்விரல்கள் தாமாகவே மடங்கின. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி வாயை இறுக மூடிக்கொண்டார், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தாதி ஓடி வந்து உள்ளங்காலைத் தன் கையால் மேல்நோக்கி அழுத்தினார். பிரஷர் 80க்கு இறங்கியிருந்தது. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நீர் எடுப்பதை நிறுத்தி, சேலைனைத் திறந்துவிட்டார். மூன்று நாளாகச் சேர்ந்த நீரை வெளியே எடுக்கத்தான் இந்தப் பாடு. அந்த நீரின் ஒரு பகுதியையே திருப்பி உள்ளே விட வேண்டி வந்தது. கால் மெல்லத் தளர்ந்தது. “இன்னொரு மணித்தியாலம் மெதுவா ஓட விட்டா நல்லா இருக்கும்” என்று தாதி எனக்குக் கேட்கும்படி சொன்னார், சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். கதவுக்கு வெளியே வாங்கில் அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தார். அக்கரைப்பற்றிலிருந்து வரும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுபவர், இரு கால்களும் வீங்கி, மூச்சு வாங்க, மகனின் தோளில் சாய்ந்தபடி இருந்தார். மாமா கண்ணைத் திறந்து, “போதும் மிஸ்ஸி, கழட்டுங்க. காக்கா எவ்வளவு நேரமா வெளியில நிக்கிறார்” என்றார்.

மாமா அன்று இரண்டு கிலோவுக்கு மேலான நீரோடு வீட்டுக்குப் போனார். அதற்கு யாரையும் நான் குறை சொல்ல முடியாது. தாதி தன்னால் முடிந்ததைச் செய்தார், வைத்தியர் தன்னால் முடிந்ததைச் செய்தார், மாமா தனக்கு உரிய நேரத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்தார். ஆனால் லண்டனில் இருக்கும் சம்பந்திக்கும் மாமாவுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அந்தக் கதவடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ வீதம் நீர் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஏழு கிலோ. அதை மூன்று தடவையில் எடுத்தால் ஒரு தடவைக்கு 2.3 லீற்றர். 55 கிலோ மனிதரிடமிருந்து நான்கு மணித்தியாலத்தில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டு தடவையில் எடுத்தால் ஒரு தடவைக்கு 3.5 லீற்றர், உடம்பு தாங்காது. சம்பந்தியின் உடம்பு தாங்கக்கூடிய அளவில் வைத்தியம் நடக்கிறது. மாமாவின் உடம்பு ஒவ்வொரு திங்களும் ஒரு அடி வாங்கியது. வாரத்தில் மூன்று தடவை செய்யும் அமெரிக்க நோயாளரிடம்கூட, இரண்டு நாள் இடைவெளி விழுந்த மறுநாளில்தான் இறப்பு அதிகம் என்று 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. நூறு பேர் ஒரு வருடம் வாழ்ந்ததாகக் கணக்கிட்டால் அந்த நாட்களில் 22.1 இறப்பு, ஏனைய நாட்களில் 18. மாமாவுக்கு வாரம் தவறாமல் மூன்று நாள் இடைவெளி.

பதினெட்டுத் தடவைகள்

மூன்று தடவை கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். அங்கிருந்த வைத்தியர் ஒரு துண்டுக் கடதாசியில் கணக்கை எழுதிக் காட்டினார். ஒரு இயந்திரம் நாளுக்கு மூன்று முறை ஓடுகிறது, வாரத்தில் ஆறு நாள், ஆக 18 தடவைகள். ஒருவருக்கு மூன்று வீதம் கொடுத்தால் ஆறு பேர். இரண்டு வீதம் கொடுத்தால் ஒன்பது பேர். மாமாவுக்கு மூன்றாவது தடவையைக் கொடுப்பதற்கு அந்த அக்கரைப்பற்றுப் பெரியவரையோ அவரைப் போன்ற இன்னொருவரையோ திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கடதாசியைப் பார்த்த பிறகு, நாடுகளை ஒப்பிடும் அட்டவணைகளில் ஒரு முக்கியமான நிரல் இல்லாமல் இருப்பது எனக்குத் தெரிந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவை சொல்கின்றன. இயந்திரத்தை அடையாமலே இறந்தவர்கள் அவற்றில் இல்லை. ஆறு பேருக்குச் சிறப்பாகச் செய்து மூன்று பேரைக் கைவிட்ட ஒரு நாடு, அந்த அட்டவணையில் ஒன்பது பேரையும் ஏற்றுக்கொண்ட நாட்டைவிட உயரத்தில் நிற்கும்.

கைவிடப்பட்டவர்களின் தொகை சிறியதல்ல. 2015 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணிப்பின்படி, 2010 இல் உலகெங்கும் டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ பெற்றவர்கள் சுமார் 26 இலட்சம். கிடைக்காததால் இறந்திருக்கக்கூடியவர்கள் மிகக் குறைந்த கணக்கில் 23 இலட்சம் பேர் அளவில். அவர்களில் பெரும்பாலானோர் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும். கையிலிருந்து காசு கட்ட வேண்டிய நாடுகளில், தொடங்கிய பலர் காசு தீர்ந்ததும் சில மாதங்களில் நிறுத்திவிடுகிறார்கள். நம்முடைய நாட்டில் அரச வைத்தியசாலையில் டயாலிசிஸ் இலவசம். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. இது பல நாடுகளில் இல்லாத பெரிய விடயம் என்று மச்சானுக்கும் சொன்னேன். 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் விற்று, நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களிலும் மாமாவுக்கு டயாலிசிஸ் நடந்தது. சாமான் தட்டுப்பாட்டால் சில தடவை நேரம் குறைந்தது, ஆனால் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பவில்லை.

மாமா தொடங்கிய விதத்திலும் ஒரு ஒப்பீடு இருக்கிறது. அவர் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகாமல், நாட்டு மருந்தும் குடித்துப் பார்த்து, கால் வீங்கி மூச்சுத் திணறிய இரவில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டார். அவசரத்தில் கழுத்தில் குழாய் போட்டுத் தொடங்கினார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறி அவர் இரண்டு முறை விடுதியில் கிடந்தார். கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்யும் பிஸ்டுலா 1966 முதல் உலகம் அறிந்த சத்திர சிகிச்சை, அது முற்றிப் பயன்பட வாரக்கணக்காகும் என்பதால் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். டொப்ஸ் ஆய்வின் தொடக்க காலத்தில் ஐரோப்பிய நோயாளரில் 80 வீதமானோருக்கு பிஸ்டுலா இருந்தது, அமெரிக்கரில் 24 வீதமானோருக்கே இருந்தது. அமெரிக்கக் கணக்குப் பின்தங்கியதில் இதற்கும் பங்கு உண்டு. விழித்துக்கொண்ட பிறகு அவர்கள் 2003 முதல் ஒரு நாடளாவிய முயற்சி எடுத்து அந்த வீதத்தை வெகுவாக உயர்த்தினார்கள். பிற்பாடு மாமாவுக்கும் பிஸ்டுலா செய்தார்கள். காலையில் எழுந்ததும் வலது கையை இடது மணிக்கட்டில் வைத்து, உள்ளே அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். “ஓடுது” என்று மாமியிடம் சொன்ன பிறகுதான் தேநீருக்குக் கை நீட்டுவார். தேநீரும் அரைக் கோப்பைதான்.

தூரம்

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இடங்கள் மிகக் குறைவாக இருந்தபோது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் என்று சாதாரண மனிதர்கள் கூடி, மனுக்காரரின் தொழில், குடும்பம், ஊரில் உள்ள மதிப்பு எல்லாவற்றையும் பார்த்து உயிரைப் பங்கிட்டார்கள். அது வெளியே தெரிந்து பெரும் கண்டனம் எழுந்தது. படுவான்கரையில் அப்படியொரு குழு கிடையாது. அந்த வேலையைப் பாதைகள் செய்துவிடுகின்றன. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் போகும் பாதைப்படகு காற்றடித்தால் நிற்கும். மாரியில் வயல்வெளி நிரம்பி ஒழுங்கைகள் வெள்ளத்தில் மூழ்கும். வடக்கே கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் பக்கத்து மக்கள் தோணியில் கடந்துதான் பிரதான வீதிக்கு வர வேண்டியிருக்கும். மண்டூரிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம், அதற்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். சிறுநீரக நோயாளருக்கு அரசு கொடுத்த மாதாந்த உதவித்தொகை 5,000 ரூபாய், ஓட்டோவுக்கே அது மாத முடிவு வரை காணாது. லண்டனில் சம்பந்தியை ஏற்ற வைத்தியசாலை வாகனம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

மாமா போன வைத்தியசாலையில் நாளின் மூன்றாவது முறை இரவு பத்து மணியளவில் முடியும். நகரத்துக்காரர் அதை எடுத்துக்கொள்ளலாம். படுவான்கரைக்காரருக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை, வெல்லாவெளிப் பக்கத்து வீதிகளில் யானை இறங்கும். ஆகவே மூன்றாவது முறை எப்போதும் அரைகுறையாகவே நிரம்பியிருந்தது. காலை முறைக்கு மட்டும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வைத்தியர் எழுதிய 18 தடவைகளில் சில, ஆள் வந்து சேர முடியாத காரணத்தால் வீணாகின என்பதை நான் கண்டுகொண்டது பின்னர்தான். இயந்திரம் சும்மா நிற்கும்போது இன்னொரு இயந்திரத்தை வாங்கிக் கொடுத்து என்ன பயன்? இயந்திரம் தனியாக வேலை செய்வதும் இல்லை. ஒரு தடவைக்கு 120 லீற்றர் அளவு மிகச் சுத்தமான நீர் அதற்கு வேண்டும். 1996 இல் பிரேசிலின் கருவாரு நகரில் நீர்த்தேக்கத்து நீரில் இருந்த பாசி நச்சுச் சரியாக அகற்றப்படாமல் டயாலிசிஸ் நீரில் கலந்ததால் 52 நோயாளர்கள் மாண்டார்கள். நீரைச் சுத்திகரிக்கும் தொகுதியைப் பராமரிக்க ஆள் வேண்டும், வடிகட்டியும் குழாயும் ஒவ்வொரு நாளும் வந்து சேர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற தாதி வேண்டும்.

தூரத்தை வென்ற ஒரு கதை அவுஸ்திரேலியாவில் நடந்தது. அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் பாலைவனத்தில் உள்ள கின்டோர் என்ற குடியிருப்பின் ஆதிவாசி மக்கள், டயாலிசிஸுக்காக ஊரையும் உறவையும் விட்டு நகரத்தில் போய்த் தனித்துக் கிடந்து சாவதைப் பொறுக்க முடியாமல், தங்கள் ஓவியங்களை 2000 ஆம் ஆண்டில் சிட்னியில் ஏலம் விட்டுப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார்கள். 2004 இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. அவர்கள் ஆரம்பித்த அமைப்பு இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயரில் பல தொலைதூர ஊர்களில் நிலையங்களையும், ஊர் ஊராகச் செல்லும் ஒரு டயாலிசிஸ் லொறியையும் நடத்துகிறது. மண்டூருக்கும் எழுவான்கரைக்கும் இடையில் உள்ளது ஒரு வாவி மட்டுமே. படுவான்கரையில் ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம் வேண்டும் என்பதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் முறையை ஹொங்கொங் 1985 முதல் முதற்தெரிவாக வைத்திருக்கிறது, தாய்லாந்தும் 2008 இல் தன் ஏழை மக்களுக்கு அதைத்தான் முதலில் கொடுத்தது. தாய்லாந்து 2022 இல் நோயாளியே தெரிவு செய்யலாம் என்று மாற்றிக்கொண்டது. நம்மூரில் வெள்ளம் புகாத, சுத்தமான ஒரு அறை உள்ள வீடுகளுக்கு அது பொருந்தும். மாமாவின் வீட்டுக்குப் பொருந்தியிருக்காது.

மச்சானுக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை, பல இரவுகளாகக் கதைத்தோம். மெஷின் வேண்டாம், வான் ஓடுவதற்குக் காசு கொடு என்றேன். அவனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. அப்பாவின் பெயர் பொறித்த ஒரு பொருள் வைத்தியசாலையில் நிற்க வேண்டும் என்று அவன் ஆசைப்படுவது எனக்கு விளங்குகிறது. பிறகு அவனே ஒரு கேள்வி கேட்டான்: “வான் ஓடினா அந்த மூண்டாவது முறை நிரம்புமா?” நிரம்பும். அப்படி நிரம்பினால் காலை முறையில் இடம் விடும், சிறுநீர் அறவே நின்றுவிட்ட சிலருக்காவது வாரத்தில் மூன்றாவது தடவை கேட்டுப் பெறலாம். வைத்தியரும் தாதியும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். யார் யார் வரவில்லை, எதனால் வரவில்லை, மழையா, காசா, காய்ச்சலா என்று ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கும்படியும் கேட்டிருக்கிறேன். நாடுகளை ஒப்பிடும் எந்த ஆய்விலும் நான் காணாத நிரல் அது, நம்முடைய கணக்கிலாவது இருக்கட்டும். வான் வைத்திருக்கும் ஊர்த் தம்பி ஒருவர் ஓட முன்வந்திருக்கிறார். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை சுற்றுப்பாதையால் போக வேண்டியிருப்பதால் அந்த மாதங்களுக்கு டீசல் காசைக் கூட்டித் தர வேண்டும் என்கிறார். மச்சான் ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவது வருடத்துக்கு ஊரிலேயே ஒரு வழி தேட வேண்டும். கோயில் நிர்வாகத்தோடும் அந்த அக்கரைப்பற்றுப் பெரியவரின் மகனோடும் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.